எந்த செல்லோடு குடித்தனம்?

ஆடி மாதம் வந்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் சாட்ஸ்வர்த் பகுதி முழுக்க அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். இங்குள்ளவர்கள் அதைப் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்கார அம்மாவின் பேத்தி ஒரு கையில் கூழ்ச் செம்பும் மறு கையில் மூன்று தாள்களுமாக என் அவுட்பில்டிங் வாசலில் வந்து நின்றாள். அவுட்பில்டிங் என்றால் பெரிய வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விடும் சின்ன வீடு. பாளையங்கோட்டையிலிருந்து டர்பனுக்கு வந்ததிலிருந்து, 11 வருடமாக, என் குடித்தனம் அதில்தான்.

பிள்ளை உயிரியலில் ஆனர்ஸ் முடிக்கப் போகிறாள். அடுத்த வருடம் மாஸ்டர்ஸ். மூன்று ஆய்வகங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று ஈஸ்ட்டில் செல் பிரிவதைப் பற்றி. இன்னொன்று நுரையீரல் புற்றுநோய் செல்களை வளர்த்து, அதில் ஒரு புரதத்தைத் தேடுவது. மூன்றாவது, மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் காசநோய்க் கிருமியை எப்படி விழுங்குகின்றன என்பது. அதிலும் இரண்டு கிளை: ரத்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது உயிருள்ள கிருமியோடு பிஎஸ்எல்-3 என்ற உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள் போகலாம். ஆக மூன்று கடிதம், நாலு வழி.

“அக்கா, இதுல எந்த புரொபசர் நல்லவங்க?” என்றாள். (ஆன்ட்டி என்று கூப்பிடாதே என்று நாலு வருடம் சொல்லி, இப்போதுதான் அக்காவுக்கு வந்திருக்கிறாள்.)

எல்லோரும் கேட்கிற கேள்விதான். நானும் கேட்டேன், அந்த வயதில். பேராசிரியர் எப்படி, பர்சரி (உதவித்தொகை) எவ்வளவு, எத்தனை கட்டுரை வரும். எதுவும் தப்பான கேள்வி இல்லை. ஆனால் பேராசிரியரை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிது. செல்லைத் தினமும் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதா வேண்டாமா, ராத்திரி எத்தனை மணிக்கு பஸ் பிடிப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பது செல்தான். அதனால் எந்த ஆய்வகம் என்பதை விட்டுவிட்டு, எந்த செல்லோடு குடித்தனம் நடத்தப் போகிறாய் என்று யோசி என்றேன்.

இதில் நம்ம ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஜெர்மிஸ்டனில், செருப்புத் தைக்கும் அப்பாவுக்கு 1927ல் பிறந்தவர் சிட்னி பிரென்னர். விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கிலாந்து போனவர். 1963ல் அவர் எடுத்த முடிவு, இனிமேல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை ஆராய்வது. மூன்றே நாளில் அடுத்த தலைமுறை, கண்ணாடி போன்ற உடம்பு, வளர்ந்த புழுவின் உடம்பில் எண்ணி 959 செல். அந்த ஒரு தேர்வுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய வாழ்க்கை போனது. கூட வேலை பார்த்த ஜான் சல்ஸ்டன், முட்டைக்குள் ஒவ்வொரு செல்லும் எப்போது பிரிகிறது என்று நுண்ணோக்கியில் கண் வைத்து வரைந்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், ஒன்றரை வருடம். 2002ல் இருவரோடு ராபர்ட் ஹார்விட்ஸுக்கும் சேர்த்து நோபல் பரிசு வந்தது. பரிசை விடுங்கள். தடவைக்கு நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருக்க வேண்டும் என்று சல்ஸ்டனுக்குச் சொன்னது பிரென்னர் இல்லை, புழுவின் முட்டை.

சரி, ஈஸ்ட்டிலிருந்து வருவோம். ரொட்டியையும் பீரையும் கள்ளையும் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட். (இட்லி மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக பாக்டீரியா. இங்கே பாதிப் பேர் ஈஸ்ட் என்றுதான் நம்புகிறார்கள். நான் திருத்தி அலுத்துவிட்டேன்.) நல்ல உணவு கொடுத்தால் 90 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காலையில் ஒரு குடுவையில் விட்டால் சாயங்காலத்துக்குள் பரிசோதனைக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். சாப்பாடும் மலிவு: சர்க்கரை, பெப்டோன், ஈஸ்ட் சாறு. வளர 30 டிகிரி போதும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் இன்குபேட்டர் நின்றே போனாலும் அது பாட்டுக்கு வளரும். தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போய் வரலாம். திரும்பி வந்து ஒரு குச்சியால் தொட்டு எடுத்தால் மறுபடி ஆரம்பம்.

ஈஸ்ட் என்றால் சிலருக்கு இளக்காரம். மனித நோய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். இங்கிலாந்து விஞ்ஞானி பால் நர்ஸ் இன்னொரு வகை ஈஸ்ட்டில் செல் பிரிவை முடுக்குகிற மரபணு ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணு ஒன்றைப் போட்டால் ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது என்று 1987ல் அவர் ஆய்வகம் காட்டியது. நூறு கோடி வருடத்துக்கும் முன்னால் பிரிந்த இரண்டு உயிர்களுக்கு ஒரே சாவி. செல் தன்னையே தின்று சுத்தம் செய்துகொள்கிற ஆட்டோஃபஜி ஜப்பானியர் ஓசுமிக்குப் புரிந்ததும் ஈஸ்ட்டில்தான். 2016ல் அவருக்கு நோபல். மரபியலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஈஸ்ட்டைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. காலையில் ஒரு யோசனை வந்தால் அடுத்த வாரம் அதற்குப் பதில் வந்துவிடும். தப்புப் பண்ணினாலும் ஒரு வாரம்தான் நஷ்டம்.

குறை என்னவென்றால், குவாஸுலு-நட்டாலில் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட் பண்ணுகிறவர் கொஞ்சம் தனியாள். இந்த மாகாணத்தின் ஆராய்ச்சி நிதியில் பெரும்பகுதி எச்ஐவிக்கும் டிபிக்கும் போகிறது. பின்னால் வேலை தேடும்போது மேற்கே ஸ்டெல்லன்போஷ் பக்கம், ஒயின் ஈஸ்ட்டில் பெரிய மரபு இருக்கிற இடத்துக்கு, பெட்டியைக் கட்ட வேண்டி வரலாம்.

அடுத்தது செல் லைன். மனிதரிடமிருந்து ஒரு காலத்தில் எடுத்து, அதன் பிறகு சாகாமல் பிளாஸ்க் என்கிற தட்டையான குப்பியில் வளர்ந்துகொண்டே இருக்கிற செல்கள். முதலாவது 1951ல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த ஹீலா. அவர் அதே வருடம் இறந்துபோனார். செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிரிந்துகொண்டிருக்கின்றன.

செல் லைன் ஒரு கைக்குழந்தை. 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஸ்ப்ளிட். ஸ்ப்ளிட் என்றால், செல்கள் பிளாஸ்க்கின் அடி முழுக்க நெருக்கியடித்துப் படர்ந்ததும் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிப் பெயர்த்து, பத்தில் ஒரு பங்கைப் புதுப் பிளாஸ்க்கில் குடிவைப்பது. பசியை நிறத்தில் காட்டும். புது மீடியம், அதாவது செல் வளர்கிற சத்துத் திரவம், ரோஜா நிறம்; செல்கள் தின்றுவிட்டு அமிலத்தைக் கழிக்கக் கழிக்க ஆரஞ்சாகும், கடைசியில் எலுமிச்சை மஞ்சள். வெள்ளிக்கிழமை ஆரஞ்சைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் திங்கள்கிழமை மஞ்சளும் பிணங்களும்தான். அதனால் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் சனி, ஞாயிறு யாரோ ஒருவர் ஹூட் என்கிற, காற்றை வடிகட்டித் தரும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

மீடியத்தில் கலக்கிற சீரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பசுவின் வயிற்றுக் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது அது. இங்கே காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிற வீட்டில், பிள்ளை தினமும் எதைத் தொட்டுவிட்டு வருகிறாள் என்று பாட்டிக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தந்த வீட்டுப் பிரச்சினை. நான் சொன்னதில்லை.

சீரத்தை விட எனக்குப் பயம் மைக்கோபிளாஸ்மா. செல் சுவரே இல்லாத குட்டி பாக்டீரியா அது. சுவரைத் தாக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மற்ற பாக்டீரியா வந்தால் மீடியம் மோர் மாதிரி கலங்கி, வந்துவிட்டேன் என்று சொல்லும். இது வந்தால் மீடியம் தெளிவாகவே இருக்கும், செல்கள் உயிரோடுதான் இருக்கும், கிடைக்கிற விடைகள் மட்டும் சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பக்கத்து ஆய்வகம் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு பிளாஸ்க்கைப் பரிசோதிக்காமல் வாங்கி வைத்தேன். எட்டு மாதம் கழித்து, வேறு காரியத்துக்காக டிஎன்ஏவுக்கு நீலச் சாயம் ஏற்றி இருட்டறையில் பார்த்தேன். கரு மட்டும் வட்டமாக நீலமாக ஒளிர வேண்டும். ஒவ்வொரு கருவையும் சுற்றிக் கடுகைத் தூவியது மாதிரி நீலப் புள்ளிகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் கடுகுதான். எட்டு மாதத் தரவும் குப்பைக்குப் போனது. கொடுத்தவர்களைக் குறை சொல்லி என்ன, வாங்கினவள் நான்.

இன்னொரு வில்லங்கம், பெயர் ஒன்று ஆள் ஒன்று. ஹீலா ரொம்ப வீரியமானது. ஒரு துளி தெறித்தால் போதும், அடுத்த பிளாஸ்க்கில் இருப்பதை அமுக்கிவிட்டுத் தானே நிற்கும். 1966லேயே ஸ்டான்லி கார்ட்லர், வேறு வேறு பெயரில் உலவிய பல செல் லைன்கள் உண்மையில் ஹீலா என்று காட்டினார். இப்படிப் பெயர் மாறிப்போனவற்றின் பட்டியலில் இன்று 500க்கும் மேல் இருக்கின்றன. டிஎன்ஏ கைரேகை எடுத்துப் பார்க்காத செல்லை நம்பி மாஸ்டர்ஸ் பண்ணுவது, பத்திரம் பார்க்காமல் நிலம் வாங்குவது.

இவ்வளவு திட்டினாலும் செல் லைனின் அருமை அவசரத்துக்குத் தெரியும். 2021 நவம்பர் கடைசியில் ஒமைக்ரானைப் பற்றி தென்னாப்பிரிக்கா உலகத்துக்குச் சொன்னது. இரண்டு வாரத்துக்குள் இதே டர்பனில் அலெக்ஸ் சிகல் குழு உயிருள்ள வைரஸை வளர்த்து, தடுப்பூசி போட்டவர்களின் ரத்தம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று முதல் விடையை வெளியிட்டது. அந்த வைரஸை வளர்க்கக் கைகொடுத்தது நுரையீரல் புற்றுநோயிலிருந்து வந்த ஒரு செல் லைன். யாரோ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதற்குச் சாப்பாடு போட்டு வைத்திருந்ததால்தான் அன்றைக்கு அது தயாராக இருந்தது.

இப்போது ரத்தம். இதில் எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமாக என் வேலை இதுதான்.

காலையில் கிளினிக்கில் எடுக்கிற ரத்தம் நம் கைக்கு வர மத்தியானம் ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். வந்தபின் காத்திருக்க முடியாது, சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். குழாயில் முதலில் ஃபைகால் என்ற கனமான திரவம். அதன் மேல் ரத்தத்தைக் கலங்காமல், குழாயின் சுவரோரமாக, ஒரு சொட்டுக்குப் பின் ஒரு சொட்டாக இறக்க வேண்டும். எண்ணெய்க்கு மேல் தண்ணீர் விடுகிற மாதிரி தலைகீழ் வேலை என்று முதல் நாள் என் குரு சொன்னார். பிறகு சென்டிரிஃப்யூஜில் சுற்றுவது, பிரேக்கை அணைத்துவிட்டு. பிரேக் போட்டால் நிற்கும்போது வருகிற குலுக்கலில் அடுக்குகள் கலந்துவிடும். புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது பிரேக்கை அணைக்க மறப்பார்கள். மறுபடி மறக்க மாட்டார்கள். சரியாக வந்தால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் மார்கழி மாதப் பனி மாதிரி ஒரு வெள்ளை வளையம். அந்த வளையத்தில்தான் நமக்கு வேண்டிய வெள்ளணுக்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் பத்து லட்சம். அதில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் மோனோசைட். அவற்றைப் பிரித்து, வளர்ச்சிக் காரணி கொடுத்து, ஆறேழு நாள் வைத்தால் மேக்ரோஃபேஜாக முதிரும். பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டு, கைகால் நீட்டி, அகப்பட்டதை விழுங்கும்.

இங்கே கணக்கு வேறு. மேக்ரோஃபேஜ் பிரியாது, பெருகாது. இன்று எத்தனை கிடைத்ததோ அத்தனைதான். பரிசோதனை சொதப்பினால் திரும்பச் செய்ய அதே ஆளின் ரத்தம் மறுபடி கிடைக்க வேண்டும். ஒரு ஆளின் செல் இன்னொரு ஆளின் செல் மாதிரி நடக்காது. செல் லைனில் மூன்று தடவை செய்தால் மூன்றும் ஒத்துவரும். ரத்தத்தில் மூன்று பேரிடம் செய்தால் மூன்று கதை. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரியும், அந்த வேறுபாடுதான் விஷயமே என்று. ஒரே வீட்டில் ஒரே கிருமியை மூச்சில் வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் காசநோய் வருகிறது? அந்தக் கேள்வியை பிளாஸ்க்கில் வளரும் புற்றுநோய் செல்லிடம் கேட்க முடியாது.

ரத்தம் கொடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு எண்ணும் பார்கோடும்தான். ஆனால் ஸூலுவில் அச்சடித்த சம்மதப் படிவத்தை நர்ஸ் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கையில் பையோடு வந்த ஒரு வயதான பெண், இதனால் எனக்கு ஒன்றும் கிடைக்காது, என் பேரப்பிள்ளைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கலாம் என்றுதான் நர்ஸால் சொல்ல முடிந்தது. அன்றைக்குக் குழாயைக் கையில் எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஜாக்கிரதை வந்தது. ஹென்ரியேட்டாவிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம். அந்த அனுமதிக் காகிதங்களுக்கு மாதக்கணக்கில் அலைந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

தொந்தரவு எல்லாம் நேரத்தில். இரண்டு மணிக்கு வந்த ரத்தம் எட்டு மணிக்கு முன் உன்னை விடாது. மினிபஸ் டாக்சிக்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினால் ரத்தம் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், அந்த வாரம் சும்மா. அதற்கு அடுத்த வாரம் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள்.

நாலாவது வழி, பிஎஸ்எல்-3. இதைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன், மாஸ்டர்ஸ் பிள்ளைக்கு இது வேண்டாம் என்பது என் முடிவு. ஆனால் எதற்காக அப்படி ஒரு அறை இந்த ஊரில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் மாகாணத்தில் டுகெலா ஃபெரி என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில், முக்கியமான மருந்துகள் எதற்கும் மசியாத டிபி 53 பேருக்கு இருந்ததாகவும் அவர்களில் 52 பேர் இறந்துவிட்டதாகவும் 2006ல் செய்தி வெளியானது. சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாங்கவில்லை. டர்பனில் டிபி ஆய்வு இவ்வளவு பெரிதானதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

உள்ளே போவதென்றால் கவுன், இரண்டு ஜோடிக் கையுறை, முகத்தில் இறுக்கமாக என்95. காற்று உள்ளே வரும், வடிகட்டாமல் வெளியே போகாது. மூன்று மணி நேரம் தண்ணீர் கிடையாது, போன் கிடையாது, மூக்கு அரித்தால் அரிக்கட்டும். கிருமி இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். தட்டில் கண்ணுக்குத் தெரிய மூன்று, நாலு வாரம். ஈஸ்ட்டில் ஒரு வாரத்தில் தெரிகிற தப்பு இங்கே ஒரு மாதம் கழித்துத் தெரியும். தாடி இருந்தால் என்95 முகத்தோடு ஒட்டாது, அதனால் மழித்தாக வேண்டும். கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பான், அந்தப் பத்து நாளும் சவரம் கிடையாது. அந்தப் பத்து நாளும் அவனுக்கு உள்ளே அனுமதியும் கிடையாது. ஜனவரியிலேயே அவன் காலண்டரில் முருகனையும் டிபியையும் தனித்தனி வாரமாகப் பிரித்து வைப்பான்.

இரண்டு வருட மாஸ்டர்ஸில் பயிற்சிக்கும் அனுமதிக்குமே பல மாதம் போய்விடும். அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான என்ஆர்எஃப் தரும் பணம் மாஸ்டர்ஸுக்கு இரண்டு வருடம், பிஎச்டிக்கு மூன்று வருடம். கிருமிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இந்த நாலையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு ஒரு வழி உண்டு: ஊர் மூன்று நாள் நின்றுபோனால் எது பிழைக்கும்? டர்பனில் இது கற்பனை இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ரோடு பெயர்ந்து, பாலம் போய், டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. செல்லைப் பற்றிக் கவலைப்படுகிற நேரமா அது என்றால், இல்லைதான். ஆனாலும் நாலாம் நாள் போய்க் கதவைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. என் பிளாஸ்க் எல்லாம் மஞ்சள். ஐந்தாவது நாளில் இருந்த மேக்ரோஃபேஜ்கள் போயே போயிற்று. அவை மூன்று பேர் கொடுத்த ரத்தம், திரும்பக் கிடைக்காது. செல் லைனுக்காவது திரவ நைட்ரஜன் தொட்டி இருந்தது. மைனஸ் 196 டிகிரி, கரண்டே வேண்டாம், அவ்வப்போது ஊற்றி நிரப்பினால் போதும். அங்கிருந்து ஒரு குப்பியை எடுத்து உருக்கி, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டோம். ஈஸ்ட்காரர் வந்தார், ஃபிரிட்ஜைத் திறந்தார், தட்டை எடுத்தார், காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு இதே சோதனையின் சின்ன வடிவம். 2023ல் ஒரே நாளில் மூன்று தடவை கூடப் போனது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அவசர மின்சாரத்துக்கு இங்கே சிவப்பு சாக்கெட் வைப்பது வழக்கம். ஒரு நாள் யாரோ டீ கெட்டிலைச் சிவப்பில் சொருகி, இன்குபேட்டரை வெள்ளையில் மாற்றிவிட்டார்கள். கரண்ட் போன இரண்டு மணி நேரமும் தடையில்லாமல் டீ கிடைத்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நிம்மதி. ஆனாலும் எந்த ஆய்வகத்தைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் சிவப்பு சாக்கெட்டில் என்ன சொருகியிருக்கிறது என்றுதான் பார்க்கும். அவளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நீங்க எது எடுப்பீங்க?” என்றாள்.

எனக்கென்றால் ரத்தம். கஷ்டப்பட்டாலும் கேள்வி மனிதர்களைப் பற்றியது. ஆனால் அவளுக்கு, இப்போதைக்கு, செல் லைன் என்றேன். மாதம் ஒரு தடவை மைக்கோபிளாஸ்மா பரிசோதனை செய்கிற ஆய்வகமாக இருந்தால் மட்டும். கை பழகும், இரண்டு வருடத்தில் முடியும், பிறகு பிஎச்டிக்கு ரத்தத்துக்கு வரலாம். மரபியலில் மனசு போனால் ஈஸ்ட்டை யோசிக்காமல் எடுத்துக்கொள்; நிதியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். ரத்தத்தை இப்போது வேண்டாம் என்றதற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை. அவளிடம் கார் இல்லை. ராத்திரி எட்டரைக்கு அம்பிலோ ரோட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக டாக்சிக்கு நிற்பதை எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டாள், நானும் மாட்டேன். முதல் இரண்டு வருடம் நான் சாயங்கால வேலைகளை விட்டுக்கொடுத்தது இதனால்தான். எந்த ஆய்வகத்தின் அழைப்புக் கடிதத்திலும் இதை எழுதமாட்டார்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தேன். மூன்று பேருக்கும் ஒரே கேள்வியை அனுப்பு: ஞாயிற்றுக்கிழமை உங்கள் செல்லுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்?

பத்து நாள் கழித்துப் போனோடு வந்தாள். ஈஸ்ட் பேராசிரியர் ஒரே வரி: யாரும் போடுவதில்லை, ஞாயிறு என் வீட்டில் பிராய் (இறைச்சி சுடும் விருந்து), வாங்களேன். செல் லைன்காரர்கள் முறை வைத்து எழுதிய ஒரு அட்டவணையை அனுப்பியிருந்தார்கள். அடுத்த பிப்ரவரிக்கான ஒரு கட்டத்துக்குள் இவள் பெயரையே பென்சிலால் எழுதி, கேள்விக்குறி போட்டிருந்தது. மூன்றாவது ஆய்வகத்தில் பேராசிரியர் பதில் போடவில்லை. அங்கே பிஎச்டி பண்ணுகிற ஒரு பெண் போட்டிருந்தாள், ராத்திரி 11:40க்கு, ஆய்வகத்திலிருந்தே. இன்றைக்கு ஆறு பேருடைய ரத்தம் வந்தது, வளையம் ஆறும் அழகாக விழுந்தது என்று ஒரு படமும் வைத்திருந்தாள்.

பேத்தி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “அக்கா, பதினொன்னு நாப்பதுக்கு” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் பாட்டி சொல்லித்தான் தெரியும், பிள்ளை டிரைவிங் லர்னர்ஸ் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாளாம்.